கோட்டில் ஒரு பள்ளம்

"ரூம்ல என்னா பண்ற? வெளிய வா" என்று கதிரவன் கூடத்திலிருந்து கத்தியபோது, வெண்மதி அடுப்படியில் சங்கரா மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

போனில் யாரிடமோ பேசுகிறான் என்று முதலில் நினைத்தாள். மழை ஓட்டுச் சார்ப்பில் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

"காதுல உழல? வெளிய வந்து கதவ சாத்து. அளவு எடுக்கணும்."

முழங்கை வரை செதில் ஒட்டிய கையோடு அவள் அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். அவன் முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தான். மடியில் லேப்டாப். சாத்தியிருந்த சின்ன அறையின் கதவைத்தான் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். கதவுக்கு அடியிலிருந்து கறுப்பு வயர் ஒன்று வெளியே வந்து லேப்டாப்பில் முடிந்தது.

"யார சொல்றீங்க?"

அவன் திரும்பினான். அவளைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான்.

"நீ அங்கயா இருந்த?"

"பின்ன? மீனு தானா செதில் எடுத்துக்குமா?"

அவன் சிரிக்கவில்லை. ஒருவர் பேச்சுக்கு ஒருவர் சிரிப்பது அந்த வீட்டில் நின்று போய் ரொம்ப நாளாகியிருந்தது.

கடலூர் புதுப்பாளையத்தில் அவர்கள் கட்டிய வீடு அது. கூடத்தை ஒட்டிய அந்தச் சின்ன அறையைப் பிள்ளைக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். கான்கிரீட் போடும்போதே கொத்தனாரிடம் சொல்லித் தூளிக்குக் கொக்கி வைத்தாயிற்று. முதல் கரு நிற்கவில்லை. இரண்டாவது எட்டாம் மாதம் வரை வந்து, வயிற்றுக்குள் எட்டி உதைத்து, பக்கத்தில் படுத்திருக்கும் கதிரவனின் கையைத் தள்ளிவிடும் அளவுக்கு வளர்ந்து, ஒரு காலையில் அசையாமல் நின்றுவிட்டது. சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். அவளுக்கு மயக்கம் தெளிவதற்குள் கதிரவன் துணிச் சுருளை வாங்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்து, தலையில் ஈரத்தோடு நின்றான்.

"மொகம் எப்புடி இருந்துச்சி?" என்று கேட்டாள்.

"விடு. கேக்காத."

அதற்கப்புறம் பல மாதம் கேட்டுப் பார்த்தாள். பால் கட்டி மார் கல்லாகி, நர்ஸ் சொன்னபடி துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்த நாட்களிலும் கேட்டாள். அவன் வாயைத் திறக்கவில்லை. அவன் பார்த்தான், தான் பார்க்கவில்லை. அவளுக்கு அவன் மேல் இருந்த கசப்பெல்லாம் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

அவன் அந்த அறையைப் பூட்டி வைத்தான். பிறகு ஒருநாள் திறந்து, ஐந்து ஸ்பீக்கரும் முக்காலி மாதிரி ஒரு சப்-ஊஃபரும் கொண்டுவந்து இறக்கினான். தடித்த திரை, சோபா, சுவரில் டிவி. ஹோம் தியேட்டர். சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் மீட்டர்களைச் சரிபார்க்கும் வேலை அவனுக்கு. முள் ஓர் இம்மி தள்ளி நின்றாலும் பொறுக்காத ஆள். ஆனால் படம் பார்த்ததைவிட அவன் அளவெடுத்ததுதான் ஜாஸ்தி. சோபாவில் ஆள் தலை இருக்கவேண்டிய உயரத்தில் ஸ்டாண்டில் ஒரு மைக்கை நிறுத்துவான். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து லேப்டாப்பில் தட்டுவான். தூரத்தில் பஸ் உறுமுவதுபோல் ஒரு சத்தம் உள்ளே தொடங்கி, மெல்ல மெல்ல ஏறி, விசிலாகி, கடைசியில் காதோரக் கொசுவாக மெலிந்து அணையும். மைக் கேட்டதெல்லாம் திரையில் ஒரு கோடாக விழும். அறை ஊதிப் பெருக்கிய இடத்தில் மேடு. அறை விழுங்கிய இடத்தில் பள்ளம். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, கோட்டைச் சமமாக்குவதில் அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன.

அளக்கும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது. "ஆளு இருந்தா சத்தத்த இழுத்துக்கும், மதி. பஞ்சு மூட்ட மாதிரி. கோட்டுல பள்ளம் உழுந்துரும்" என்று முதலிலேயே சொல்லியிருந்தான்.

செதில் கையோடு அவள் வந்து நின்ற அன்றைக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

"தலகாணி எதுனா உள்ள போட்டு வெச்சியா?"

"நான் எதுக்கு உங்க ரூமுக்கு வரேன்?"

"தலகாணி அளவுக்கு ஏதோ இழுக்குது. போன வாரம் இல்ல." எழுந்து உள்ளே போய்த் திரையை உதறினான், சோபாவைத் தூக்கிப் பார்த்தான். வெளியே வந்து மறுபடி அளந்தான். "ஒரு வேலைய உருப்படியா செய்ய விடமாட்டியே நீ."

அவள் மீனிடம் திரும்பிப் போனாள். அப்போது அவளுக்குப் பயமில்லை. எரிச்சல்தான் இருந்தது.

பயம் அதற்கப்புறம் ஒரு பகலில் வந்தது. அவன் ஷிப்டுக்குப் போயிருந்தான். அவள் கலெக்டர் ஆபீஸில் உதவியாளர். அன்று லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். ஒட்டடை அடிக்கலாமென்று அந்த அறைக்குள் போனாள். புது ரெக்சின் வாசனை, வயர் சூடாகிக் காய்ந்த வாசனை, இரண்டுக்கும் அடியில் ஈரத் துணியை மூடி வைத்தாற்போல் ஒரு புழுக்கம். கையில் கண்ணாடி வளையல்கள் குலுங்க, பூந்துடைப்பம் தரையில் சரசரக்க, சோபாவுக்கு அடியிலும் திரை ஓரத்திலும் பெருக்கிக்கொண்டே தூளிக் கொக்கிக்கு நேர் கீழே இருந்த மூலைக்கு வந்தாள். அங்கே வளையல் சத்தம் நின்றது.

கையை ஆட்டினாள். வளையல்கள் ஒன்றோடொன்று மோதின. மோதுவது தெரிந்தது. கேட்கவில்லை. கையைப் பின்னுக்கு இழுத்தாள். கலகலவென்றது. மறுபடி நீட்டினாள். தண்ணீருக்குள் கையை விட்ட மாதிரி.

எட்டி எட்டித் தொட்டு அதன் ஓரத்தைத் தேடினாள். ஒரு கைக்குழந்தை படுத்திருக்கும் இடம்தான். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்தாள். அவன் வந்ததும் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. அவனாகவே கண்டுபிடித்து, தனக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறான் என்றுதான் தோன்றியது. அப்படித்தான் இருந்தது. அவன் இப்போதெல்லாம் கத்துவதில்லை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கால் கழுவிக்கொண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். அளவெடுக்கும் சத்தத்தைக் குறைத்துத்தான் வைக்கிறான், தூங்குகிறவர்களை எழுப்பிவிடுவோம் என்பதுபோல். கோட்டைச் சமம் செய்கிறான். மறுவாரம் பள்ளம் இன்னும் ஆழமாகிறது. அதையும் சமம் செய்கிறான்.

கார்த்திகை தீபத்தன்று வாசலில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தவளிடம் அவனே வந்து நின்றான்.

"மொதல்ல இவ்ளோ இருந்துச்சி" என்று முழங்காலுக்குக் கீழே கையைக் காட்டினான். கை மெல்ல இடுப்புக்கு ஏறியது. "இப்ப இவ்ளோ. வளருது, மதி."

"என்னா வளருது?"

அவன் முகத்தில் அவள் எப்போதோ பார்த்த ஒரு குழைவு இருந்தது. அவள் வயிற்றில் அவன் கை வைத்துக்கொண்டு படுத்திருந்த நாட்களில் பார்த்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அவனை அறையவேண்டும் போலிருந்தது. இதையும் நீதான் பார்ப்பாயா? இதையும் துணியில் சுற்றி நீயே வைத்துக்கொள்வாயா?

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். பகல் மின்வெட்டு. மின்விசிறி நின்ற வீடு முழுக்கத் தெருவின் சத்தங்கள் நிறைந்திருந்தன. ஐஸ் வண்டி மணி, யாரோ துணி துவைக்கும் அடி, ரயில்வே கேட் பக்கம் ஹாரன். சின்ன அறைக்குள் காலை வைத்ததும் எல்லாம் கதவோடு நின்றுவிட்டன. அவள் கொக்கிக்குக் கீழே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தனக்கும் உரிமை இருக்கிறது என்றுதான் உட்கார்ந்தாள். மெல்ல முனகினாள், எட்டு மாதமும் வயிற்றைத் தடவிக்கொண்டே முனகிய அதே இழுப்பு.

சத்தம் உதட்டைத் தாண்டவில்லை. யாரோ வாங்கிக்கொண்டார்கள். கொஞ்சம் நின்று, மறுபடி இழுத்தார்கள். விட்டு விட்டு, ஒரு தாளத்தோடு. அவளுக்குப் புரிந்துவிட்டது. பால் குடிக்கிற இழுப்பு அது. மாரில் கிடைக்காதது தொண்டையில். கண்ணீர் வழிய, வேண்டிய மட்டும் குடிக்கட்டும் என்று கொடுத்துக்கொண்டிருந்தாள். தொண்டை காய்ந்தது. நாக்கு ஒட்டியது. போதும் என்று வாயை மூடினாள்.

முனகல் நிற்கவில்லை.

மூடிய வாய்க்குள்ளிருந்து, மார்க்கூட்டுக்குள்ளிருந்து, அவளைக் கேட்காமலேயே வந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்க இடம் விடவில்லை. தாளம் வேகமானது. கையை ஊன்றித் தவழ்ந்தாள். வாசற்படி எவ்வளவோ தூரத்தில் இருந்தது. படியைத் தாண்டி உடம்பு கூடத்தில் விழுந்ததும் நாய் ஊளையிடுவது போல் ஒன்று கேட்டது. அது தன் குரல்தான் என்று தெரிய அவளுக்கு நேரமாயிற்று.

அவன் வந்தபோது அவள் சுவரில் சாய்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைக் குரலில்லாமல் வெறும் காற்றாகத்தான் சொல்ல முடிந்தது.

அவன் பதறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான். "எவ்ளோ நேரம் குடுத்த?" என்று கேட்டான். "எங்கிட்ட இவ்ளோ குடிக்காது. ஒங்கிட்டன்னா இழுக்கும்போல."

அவள் டம்ளரைத் தரையில் வைத்தாள். "அது நம்ம புள்ள இல்ல."

"பின்ன யாரு?"

"நீங்க பாத்தீங்கல்ல? மொகத்தப் பாத்தீங்கல்ல? அதுதான் இதுன்னு எம்மேல கைய வெச்சிச் சொல்லுங்க."

அவன் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டான்.

"நானும் பாக்கல, மதி" என்றான். "துணிய வெலக்கவே இல்ல. பயமா இருந்துச்சி. சுத்துனது சுத்துனபடிதான் பொதச்சேன்."

இத்தனை காலமாக எதற்காக அவனை வெறுத்தாளோ அது இல்லவே இல்லை என்று ஆனபோது, அவளுக்கு நிம்மதி வரவில்லை. பற்றிக்கொண்டிருந்த கொம்பு ஒடிந்தது போலத்தான் இருந்தது. ஒருவரும் பார்க்காத முகம். அதை எதை வைத்து அடையாளம் காண்பது? அந்த அறையில் எது வந்து படுத்துக்கொண்டாலும் பிள்ளை என்று சொல்லிவிடலாம்.

"கதவ பூட்டிட்டு என்கூட வாங்க. அக்கா வீட்டுக்குப் போயிருவோம்."

"பசியோட விட்டுட்டா?"

அவள் மட்டும் பஸ் ஏறினாள்.

சிதம்பரத்தில் அக்கா அமராவதியின் வீடு அண்ணாமலை நகரில் இருந்தது. "புருஷன் பொண்டாட்டி சண்டதான, ரெண்டு நாள்ல சரியாப் பூடும்" என்றாள் அக்கா. வெண்மதி அங்கிருந்தே கடலூருக்கு வேலைக்குப் போய்வந்தாள். வீட்டுப் பக்கம் போகவில்லை. கதிரவன் தினமும் போன் செய்தான். அவன் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இருக்காது. மழை இல்லை, தெரு இல்லை, மின்விசிறியின் கரகரப்புகூட இல்லை. "எங்க இருந்து பேசறீங்க?" என்பாள். "ரூம்லதான்" என்பான். நாளுக்கு நாள் குரல் மெலிந்தது. கம்பெனிக்குப் போவதில்லை என்றான். பள்ளம் இப்போது கோடு முழுக்க வந்துவிட்டது, சமம் செய்ய ஒன்றுமில்லை என்றான். கடைசியாக வந்த போனில் மூச்சு மட்டும் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. ஆனால் அழைப்பு அணையவில்லை. அவள்தான் அணைத்தாள்.

மார்கழியில் ‘தானே’ என்ற புயல் கரையைக் கடந்தது. சிதம்பரத்திலேயே மரங்கள் வேரோடு சாய்ந்தன. கடலூரில் விடிகாலையில் கடலே எழுந்து வந்த மாதிரி காற்று அடித்ததென்றார்கள். கரண்ட் கம்பம் ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லையாம். கதிரவன் போனை எடுக்கவில்லை. நிவாரண வேலைக்கு உடனே வரச் சொல்லி ஆபீஸிலிருந்து ஆள் அனுப்பிவிட்டார்கள். ஆலப்பாக்கம் தாண்டியதும் பஸ் வெட்டிப்போட்ட மரங்களுக்கு நடுவே ஊர்ந்தது. ஓடு போன வீடுகள், மடங்கிப்போன தகரங்கள், மொட்டையாய் நின்ற தென்னைகள். ஆபீஸில் நாள் முழுக்கச் சேதக் கணக்கு எழுதிவிட்டு, சாயங்காலம்தான் புதுப்பாளையத்துக்கு நடந்தாள்.

தெருமுனையில் தண்ணீர் லாரி நின்றது. குடங்களோடு கூட்டம், கூச்சல். எங்கோ ஒரு ஜெனரேட்டர் இரைச்சல். எதிர் வீட்டு அமிர்தம் இடுப்பில் எவர்சில்வர் குடத்தோடு ஓடிவந்தாள்.

"எப்ப வந்த மதிம்மா? அண்ணன பாத்தியா?"

"இல்லக்கா. இப்பதான் வரேன்."

"பொயலன்னிக்கு எங்க ஓடெல்லாம் பிச்சிக்கிட்டுப் போவுது, காது கிழியுது, நாங்க அலறிக்கிட்டுக் கெடக்கறோம். அண்ணன் ஒங்க வீட்டுக் கதவத் தொறந்துக்கிட்டு, சைக காட்டி எங்களயெல்லாம் உள்ள கூப்புடுறாரு. சிரிச்சிக்கிட்டே. உள்ள சத்தமே இல்லங்கற மாதிரி காதத் தொட்டுக் காட்டுனாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஏனோ தெரியல, யாருக்கும் போவ மனசு வரல. அதுக்கப்புறம் அவர காணும்."

வெண்மதி வாசல் கதவைத் தள்ளினாள். தாழ் போடவில்லை. அதைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனாள். வீட்டில் ஓர் ஓடுகூட நகரவில்லை. சார்ப்புக்கு அடியில் கோலப்பொடி டப்பா வைத்த இடத்தில் இருந்தது. ஈரத் துணிப் புழுக்கம் கூடம் முழுக்க வந்திருந்தது. மங்கிய வெளிச்சத்தில் லேப்டாப் தரையில் மூடிக் கிடந்தது.

சின்ன அறைக் கதவு சாத்தியிருந்தது.

உள்பக்கம் திறக்கிற கதவு. தள்ளினாள். கொஞ்சம் போய் நின்றது. பூட்டு இல்லை. தாழ் இல்லை. அந்தப் பக்கம் ஏதோ மெத்தென்று தடுத்தது, நனைந்த பஞ்சு மூட்டை மாதிரி. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். ஒரு கை நுழையும் இடுக்கு விழுந்தது. கண்ணை வைத்தாள்.

அறையின் நடுவில் ஒன்றுமில்லை.

சோபா நிமிர்ந்து சுவரோடு ஒட்டியிருந்தது. ஸ்பீக்கர்கள் சுவரோடு ஒட்டியிருந்தன. மைக் ஸ்டாண்ட் வளைந்து மூலைக்குள் மடங்கியிருந்தது. திரை அசையாமல், இஸ்திரி போட்ட மாதிரி, ஜன்னல் கம்பிகளின் அச்சு தெரியப் படிந்திருந்தது. எல்லாம் நடுவுக்கு வழிவிட்டு ஒதுங்கியிருந்தன.

கதிரவனும்.

எதிர்ச் சுவரில். கை விரிந்து. உள்ளங்கை சுவரில். ஒரு கன்னம் கண்ணாடியில் அழுத்தின மாதிரி தட்டையாகி, உதடு கோணி. கால் தரையில் படவில்லை.

கண் சிமிட்டியது.

"ஏங்க" என்று கூப்பிட்டாள். தொண்டை அதிர்ந்தது. காதில் விழவில்லை. கதவை அறைந்தாள். கை வலித்தது. சத்தம் இல்லை.

அவன் கண் அவளைக் கண்டுகொண்டது. சந்தோஷம். சந்தேகமே இல்லை, சந்தோஷம்தான். கோணிய உதடு அசைந்தது. அவள் படித்தாள்.

தூங்குது.

மறுபடி அசைந்தது.

சாத்து.

இடுக்குக்குள் கையை விட்டாள். எட்டாது என்று தெரிந்தும் விட்டாள். விரல்கள் எதிலோ பதிந்தன. இளஞ்சூடு. மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது. கையைப் பிடுங்கிக்கொண்டாள்.

கதவு தானாக மூடிக்கொண்டது. அவசரமில்லாமல். உள்ளே ஏதோ புரண்டு படுத்த மாதிரி. நிலையில் மரம் உப்பியது. மேல் கீல் ஆணி ஒன்று தானாகக் கழன்று வந்து அவள் காலடியில் விழுந்தது. விழுந்தது கேட்கவில்லை.

பின்னால் நடந்தாள். கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் நொடி முள் ஓடிக்கொண்டிருந்தது. டிக் இல்லை. தன் மூச்சு இல்லை. ஜெனரேட்டர் இல்லை.

வாசலுக்கு வந்துவிட்டாள். தெரு அப்படியே இருந்தது. லாரிக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. கூட்டத்தில் எல்லா வாய்களும் திறந்து திறந்து மூடின. எதிர் வாசலில் நிறை குடத்தோடு அமிர்தம் நின்றுகொண்டு, இவளைப் பார்த்துக் கையை ஆட்டி என்னவோ கேட்டாள். மறுபடி கேட்டாள். பிறகு நிறுத்தினாள்.

குடம் நழுவியது. சிமெண்ட் தரையில் விழுந்து, துள்ளி, தண்ணீரைச் சிதறிக்கொண்டு, தெருவின் சரிவில் உருண்டு உருண்டு போனது. ஒரு சத்தமும் இல்லை. கூட்டம் திரும்பிப் பார்க்கவில்லை. மூடிய வாய்க்குக் கீழே விட்டு விட்டு, ஒரு தாளத்தோடு இழுபட்ட தன் தொண்டையை அமிர்தம் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.